தெரிந்த இடத்திற்கே மீண்டும்: நவீனக் கட்டடங்களை ஒளிப்படம் எடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டட ஒளிப்படக் கலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் புதிய கட்டடங்களைத் தேடியே அலைகிறார்கள். ஏற்கெனவே எடுத்து முடித்த ஓர் இடத்திற்கு மறுபடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது நேர விரயம் என்றே அவர்களுக்குத் தோன்றும். ஆனால் கான்கிரீட், கண்ணாடி, உருக்கு, அலுமினியம் ஆகியவற்றால் எழுந்த நவீனக் கட்டடங்கள், சுற்றியுள்ள வானத்தையும் வெயிலையும் பொறுத்துத் தோற்றம் மாறுபவை. அந்த மாற்றம் ஒரே வருகையில் பிடிபடாது. முதல்முறை எடுத்த படங்களைக் குறிப்புகளாக வைத்துக்கொண்டு, தெளிவான ஒரு கேள்வியோடு அதே இடத்திற்குத் திரும்பிச் செல்வது எப்படி என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. கைப்பேசி கேமரா வைத்திருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

திரும்பிச் செல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நவீனக் கட்டடங்கள் நிலையானவை என்று நாம் நினைத்துக்கொள்வது முற்றிலும் சரியல்ல. டோக்கியோவில் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972-இல் எழுப்பப்பட்ட நாககின் கேப்சூல் கோபுரம் 2022-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ராஜ் ரேவால் வடிவமைத்து அதே 1972-இல் திறக்கப்பட்ட டெல்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017-இல் இடிக்கப்பட்டது. இடிபடாத கட்டடங்களும் மாறுகின்றன. லாஸ் ஏஞ்சலஸின் வால்ட் டிஸ்னி இசையரங்கில் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருந்த சில எஃகுத் தகடுகள் அருகிலுள்ள வீடுகளின் மீது வெயிலைக் குவித்ததால், 2005-இல் அவற்றைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். திறந்த புதிதில் அதை எடுத்தவருக்குக் கிடைத்த கூசும் ஒளி, அதன் பிறகு சென்றவருக்குக் கிடைத்திருக்காது.

புறப்படுவதற்கு முன்

முதல் படி, வீட்டிலேயே உட்கார்ந்து பழைய படங்களைப் பார்ப்பது. நன்றாக வந்த இரண்டு மூன்று படங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், அன்று எடுத்த அனைத்தையும், ஒதுக்கித் தள்ளியவற்றையும் சேர்த்து, எடுத்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் எடுத்த நேரமும் லென்ஸின் குவியத் தூரமும் (மி.மீ.-இல் குறிக்கப்படும் இந்த அளவு சிறிதானால் அகன்ற காட்சி, பெரிதானால் நெருங்கிய காட்சி) பதிவாகியிருக்கும். அவற்றைக் கவனித்தால், நீங்கள் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றிருக்கிறீர்கள், எந்தப் பக்கத்திற்குப் போகவே இல்லை, எப்போதும் ஒரே குவியத் தூரத்தில்தான் எடுத்திருக்கிறீர்களா என்பதெல்லாம் வெளிப்படும். தொடக்கநிலையாளர்களின் தொகுப்புகளில் நான் அதிகம் பார்ப்பது, கட்டடம் முழுவதையும் ஒரு மூலையிலிருந்து அகலக்கோண லென்ஸில் அடக்கிய படங்கள்தாம். கட்டடத்தின் பின்புறம், அடித்தளத்தின் தூண்கள், சுவரும் கூரையும் சேரும் இணைப்பு, படிக்கட்டின் அடிப்பகுதி போன்றவை அநேகமாக அவற்றில் இருப்பதில்லை.

இப்படிப் பார்த்து முடித்ததும் ஒரு தாளில் குறைகளை எழுதுங்கள். “படம் நன்றாக இல்லை” என்று எழுதினால் அதனால் பயனில்லை. “மேற்கு முகப்பு முழுவதும் நிழலில் இருக்கிறது”, “வாசல் கூரைக்கும் வானத்திற்கும் ஒளி வேறுபாடு அதிகம்”, “இடப்பக்கம் விளக்குக் கம்பம் சுவரின் விளிம்பை வெட்டுகிறது” என்று எழுதினால், அடுத்த வருகையில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த வரியிலேயே அடங்கியிருக்கும். அந்தக் குறைகளில் ஒன்றையோ, மிஞ்சினால் இரண்டையோ மட்டும் தேர்ந்துகொண்டு, அதற்காக மட்டுமே புறப்படுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே வருகையில் சரிசெய்ய முனைந்தால், ஒளியும் இடமும் லென்ஸும் ஒருசேர மாறிவிடும். எது படத்தை மேம்படுத்தியது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

வெயிலின் பாதையை அறிவது

இரண்டாவது படிதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். கட்டடத்தின் ஒவ்வொரு முகப்பும் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கிழக்கு முகப்புக்குக் காலையிலும் மேற்கு முகப்புக்கு மாலையிலும் வெயில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வடக்கிலும் தெற்கிலும்தான். வட அரைக்கோளத்தில் கடகரேகைக்கு வடக்கே உள்ள இடங்களில், வடக்கு நோக்கிய சுவருக்கு நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் கிடைக்காது. கோடையின் அதிகாலையிலும் பின்மாலையிலும் மட்டும் சாய்வாகச் சிறிது விழும். வெப்பமண்டலத்துக்குள் உள்ள இடங்களில், ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்வதால், வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. எனவே முன்பு நிழலில் கிடந்த ஒரு முகப்பு, சில மாதங்கள் கழித்து அதே மணிக்கு ஒளியில் இருக்கலாம்.

சூரியன் உதிக்கும் இடமும் நாளுக்கு நாள் நகர்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஆண்டின் இரு எல்லைகளுக்கு இடையே அது ஏறக்குறைய 47 பாகை நகரும். 50 பாகை அட்சரேகையில் அந்த நகர்வு 75 பாகையைத் தாண்டும். கலிபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்து 1965-இல் நிறைவடைந்த சால்க் ஆய்வு நிறுவனத்தின் முற்றத்தில், இரு கட்டட வரிசைகளுக்கு நடுவே மெல்லிய நீரோடை ஒன்று மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களையொட்டி, சூரியன் அந்த ஓடையின் நேர்க்கோட்டிலேயே மறையும். ஜூனிலோ டிசம்பரிலோ சென்றால் அந்தக் காட்சியே இல்லை. எல்லாக் கட்டடங்களிலும் இவ்வளவு துல்லியமான அமைப்பு இருக்காது என்றாலும், இரு கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாக ஒரு முகப்பின் மீது ஒளிக்கீற்று விழுவது போன்ற நிகழ்வுகள் ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டுமே உரியவையாக இருக்கும்.

இதில் புதியவர்கள் பலர் அறியாத ஒரு வசதி உண்டு. சூரியன் வடகோடியை எட்டித் திரும்பும், ஜூன் 21-ஐ ஒட்டிய கதிர்த்திருப்ப நாளுக்கு எத்தனை நாள் முன்பு நீங்கள் படம் எடுத்தீர்களோ, அதற்குப் பின்பும் ஏறக்குறைய அத்தனை நாள் கழித்துச் சூரியன் அதே பாதையில் செல்லும். மே 22-ஆம் தேதி கண்ட ஒளியை, ஜூலை 21 வாக்கில் சில நிமிட வேறுபாட்டில் மறுபடி காணலாம். டிசம்பர் கதிர்த்திருப்ப நாளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஆகவே மேகத்தால் ஒரு வாய்ப்பு தவறினால், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எப்போதும் இருப்பதில்லை. ஃபோட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகள் ஒரு குறிப்பிட்ட நாளிலும் மணியிலும் சூரியன் நிற்கும் திசையையும் உயரத்தையும் வரைபடத்தின் மீதே காட்டும். அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் எவ்வளவு உயரம் மறைக்கும் என்பதை மட்டும் நீங்கள் நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சூரியனின் திசை தெரிந்த பிறகு, எந்த உயரத்து வெயில் தேவை என்பதைக் கட்டடத்தின் உறுப்புகளே சொல்லும். வெயில் தடுக்கக் கிடைமட்டமாகப் பதித்த தகடுகள் உள்ள முகப்பு, சூரியன் உயரத்தில் இருக்கும்போது அடுக்கடுக்கான நிழல்களைக் காட்டும். செங்குத்துத் தகடுகள் உள்ள முகப்புக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் தாழ்ந்த வெயில் வேண்டும். பலகை அச்சின் வரிகள் பதிந்த கான்கிரீட் சுவரில், வெயில் சுவரை உரசிக்கொண்டு செல்லும் சில நிமிடங்களில்தான் அந்த வரிகள் எழுந்து நிற்கும். நேர் எதிரே இருந்து வெயில் விழுந்தால் சுவர் தட்டையாகிவிடும். “காலையும் மாலையும்தான் நல்ல ஒளி” என்ற பொது அறிவுரையை நவீனக் கட்டடங்களுக்கு அப்படியே பின்பற்றக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பொருளுக்கேற்ற வானிலை

கட்டடத்தின் மேற்பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து வானிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேகமூட்டமான நாள் வீண் என்று நினைப்பவர்கள், ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இணையரின் படங்களைப் பார்க்கலாம். 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள் ஆகியவற்றை எடுத்த அவர்கள், கடும் நிழல்கள் வடிவத்தை மறைக்காதிருக்க மேகம் மூடிய நாள்களையே விரும்பினார்கள். வெள்ளை வானத்தின் முன் சாம்பல்நிறக் கான்கிரீட்டின் வடிவம் மட்டும் தனித்துத் தெரிய வேண்டுமானால் அதுவே ஏற்ற நாள். மழை நின்ற சிறிது நேரத்தில் காற்றில் தூசி குறைந்திருக்கும்; ஈரத் தரையில் கட்டடத்தின் பிம்பமும் கிடைக்கும். ஆனால் நனைந்த கான்கிரீட் திட்டுத்திட்டாகக் கறுத்துக் காயும் என்பதால், சுவரின் சீரான நிறம் வேண்டும் என்பவர் அது காயும் வரை பொறுக்க வேண்டும்.

கண்ணாடி முகப்பு வேறு வகை. பகலில் வெளியே ஒளி மிகுந்திருப்பதால் அது வானத்தையும் எதிரேயுள்ள கட்டடங்களையும்தான் காட்டும். எனவே வெறும் நீல வானத்தைவிட, திரண்ட வெண்மேகங்கள் சிதறிக் கிடக்கும் வானமே கண்ணாடிக் கட்டடத்துக்குப் பொருத்தமானது. பிம்பத்தைக் குறைத்து உட்புறத்தைக் காட்ட விரும்பினால் லென்ஸின் முன் பொருத்தித் திருப்பும், எதிரொளியைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி உதவும். ஆனால் கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் அது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. கண்ணாடியின் செங்குத்துக்கோட்டிலிருந்து 55 பாகை அளவு சாய்ந்து நின்று பார்க்கும்போதுதான் அதன் விளைவு உச்சத்தில் இருக்கும். பளபளக்கும் உலோகத்தின் பிம்பத்தைப் போலரைசரால் அந்த அளவுக்கு நீக்க முடியாது. வெப்பமூட்டிக் கடினப்படுத்திய கண்ணாடியில், போலரைசரைத் திருப்பும்போது புள்ளிகளும் வரிகளும் திடீரென்று தென்படுவதுண்டு. அது வடிகட்டியின் பழுது அன்று, கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் அப்படித் தெரிகிறது. அந்த இடத்தில் வடிகட்டியைக் கழற்றிவிடுவதே எளிய தீர்வு.

உலோகத் தகடுகளைப் பொறுத்தவரை, ஃபிராங்க் கெரியின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகம் நல்ல எடுத்துக்காட்டு. 1997-இல் திறக்கப்பட்ட அதன் மேனியில் உள்ள டைட்டானியம் தகடுகள், மந்தமான வானத்தின் கீழும் மங்கிப்போகாமல் இளஞ்சூடான நிறம் காட்டுகின்றன. பளபளப்பும் மங்கலும் கலந்த மேற்பரப்புகளும் உண்டு. 1973-இல் திறக்கப்பட்ட சிட்னி ஒபேரா மாளிகையின் கூரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் உள்ளன. தூரத்திலிருந்து ஒரே வெள்ளையாகத் தெரியும் அவை, உண்மையில் பளபளப்பான வெள்ளை ஓடுகளும் மங்கலான பாலேடு நிற ஓடுகளும் கலந்தவை. வெயிலின் கோணம் மாறும்போது அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தோன்றி மறைகிறது. உங்களுக்குத் தெரிந்த கட்டடத்திலும் இப்படி ஏதேனும் உண்டா என்று கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்காகவே, கேமரா இல்லாமல் ஒருமுறை போகலாம்.

நிற்கும் இடம்

அடுத்த படி, முன்பு நின்ற அதே இடத்தைக் கண்டுபிடிப்பது. புதிய கோணத்தைத் தேடுவதற்கு முன் பழைய படத்தை ஒருமுறை அப்படியே மறுபடி எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒளியும் கட்டடமும் எவ்வாறு மாறியிருக்கின்றன என்று ஒப்பிட முடியும். கைப்பேசியின் இருப்பிடக் குறிப்பு சில மீட்டர் பிசகும் என்பதால் அதை நம்ப வேண்டாம். பழைய படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அருகிலுள்ள ஒரு பொருளும் தொலைவிலுள்ள ஒரு பொருளும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பாருங்கள். முன்னால் உள்ள கம்பத்தின் வலது விளிம்பு, பின்னாலுள்ள மூன்றாவது சன்னலின் இடது ஓரத்தைத் தொட்டிருந்தால், நீங்களும் அது தொடும் வரை பக்கவாட்டில் நகர வேண்டும். இதேபோல் இன்னொரு சோடிப் பொருள்களையும் பொருத்திப் பார்த்தால் முன்பின் தூரமும் சரியாகிவிடும். உயரத்துக்கு, முன்னாலுள்ள கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு பின்புறத்தில் எதை வெட்டுகிறது என்று பார்த்து முக்காலியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பழைய நிலக்காட்சிப் படங்களை மறுபடி எடுப்பவர்கள் காலங்காலமாகக் கையாளும் முறை இதுதான்.

பழைய படத்தில் கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் இருந்திருந்தால், காரணம் கேமராவை அண்ணாந்து பிடித்ததுதான். படம் பதியும் தளம் கட்டடத்துக்கு இணையாக, செங்குத்தாக இருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே பதியும். அப்படியானால் உச்சி படத்துக்குள் வர எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவே உணரி கொண்டது) 24 மி.மீ. லென்ஸைப் பொருத்தி நெடுவாக்கில் பிடித்தால், கண் மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் உயரம் தெரிவதற்கு 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 12 மி.மீ. மேல்நோக்கி நகர்த்தக்கூடிய டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் 24 மீட்டரே போதும். அந்த லென்ஸ்கள் விலை மிகுந்தவை. தொடக்கத்தில் வாங்கத் தேவையில்லை. தள்ளி நின்று நெடுவாக்கில் எடுத்து, படத்தின் கீழ்ப்பாதியில் வரும் வெற்றுத் தரையை வெட்டிவிட்டால் ஏறக்குறைய அதே படம் கிடைக்கும். படப்புள்ளிகள் சில குறையும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கக் கட்டடத்தின் இரண்டாம் மூன்றாம் மாடியில் பொதுமக்கள் செல்லக்கூடிய தாழ்வாரம் இருந்தால், அங்கிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சாய்ப்பதென்றால் துணிந்து, கோடுகள் விண்ணில் சென்று கூடும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். சற்றே சாய்ந்த படந்தான் கவனக்குறைவாகத் தெரியும்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு முக்காலி, 24 மி.மீ. முதல் 70 மி.மீ. வரை செல்லும் ஒரு லென்ஸ், முடிந்தால் தொலைவை நெருக்கிக் காட்டும் ஒரு டெலி லென்ஸ், லென்ஸ் துடைக்கும் துணி ஆகியவை போதும். முதல்முறை அகலக்கோணத்தில் மட்டுமே எடுத்திருந்தால், இம்முறை டெலி லென்ஸை மட்டும் எடுத்துச் செல்வது நல்ல பயிற்சி. தொலைவிலிருந்து பார்க்கும்போது சன்னல்களின் வரிசையும் மாடிகளின் அடுக்கும் ஒன்றோடொன்று நெருங்கித் தனி ஓவியமாகின்றன. கைப்பேசியில் எடுப்பவர்கள், விளிம்புகளை இழுத்துக் காட்டும் மிகை அகலக்கோணக் கேமராவை விட்டு முதன்மைக் கேமராவைப் பயன்படுத்தி, திரையில் கட்டக்கோடுகளை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.

அங்கே சென்ற பிறகு

போய்ச் சேர்ந்ததும் கேமராவை வெளியே எடுக்காமல் கட்டடத்தை ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். பழகிய இடத்தில் கால்கள் தாமாகவே பழைய இடத்தில் போய் நிற்கும். அதைத் தவிர்க்க, முன்பு வந்த திசைக்கு எதிர்த்திசையிலிருந்து நுழைவது உதவும். முன்பு இல்லாத தடுப்புகள், சாரங்கள், விளம்பரப் பலகைகள், வளர்ந்துவிட்ட மரங்கள், மாற்றப்பட்ட கண்ணாடிகள் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டு, பிறகு பழைய படத்தை மறுபடி எடுங்கள். அது முடிந்ததும் அந்த இடத்தை விட்டு விலகலாம்.

தொழில்நுட்ப அமைப்பு எளிது. ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்க வேண்டும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையின் அளவான அப்பர்ச்சர் எஃப் 8 முதல் எஃப் 11 வரை. எஃப் 16-ஐத் தாண்டினால் சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறையத் தொடங்கும். வெள்ளைச் சுவர் படத்தை நிறைக்கும்போது கேமராவின் ஒளிமானி அதைச் சாம்பல்நிறமாக்க முயலும் என்பதால், ஒளிபதிப்பை முக்கால் அல்லது ஒரு படி (ஒரு படி என்றால் ஒளி இருமடங்கு) கூட்டி, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வானத்துக்கும் நிழலுக்கும் வேறுபாடு மிகுந்தால், முக்காலியை அசைக்காமல் இரண்டு படி குறைத்து ஒன்றும், சரியாக ஒன்றும், இரண்டு படி கூட்டி ஒன்றும் எடுத்துவைப்பது பாதுகாப்பு. துளையிட்ட உலோகத் தகடுகள், நெருக்கமான வலைகள் உள்ள முகப்பில் அலை அலையான போலி வரிகள் தோன்றலாம். ஓரிரு அடி முன்னே அல்லது பின்னே நகர்ந்தாலே அவை பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆள்கள் இல்லாத படமே தூய்மையானது என்ற எண்ணம் புதியவர்களிடம் வலுவாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் நடந்து செல்வதைக் கொண்டுதான் தூணின் பருமனும் கதவின் உயரமும் பார்ப்பவருக்கு விளங்கும். கூட்டம் வேண்டாம் என்றால், பத்துப் படி ஒளியைக் குறைக்கும் அடர்வடிகட்டியைப் பொருத்தலாம். நொடியில் அறுபதில் ஒரு பங்காக இருந்த ஒளிபதிப்பு ஏறக்குறைய 17 நொடியாக நீளும், நடப்பவர்கள் கரைந்துபோவார்கள்.

அந்தி நேரம்

பகலில் மட்டுமே எடுத்திருப்பவர் திரும்பிச் செல்வதற்கு அந்தியைவிட நல்ல காரணம் கிடையாது. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணாடி முகப்பு எதிரொளிப்பதை நிறுத்திவிட்டு உட்புறத்தைக் காட்டத் தொடங்கும். வானத்தின் ஒளியும் உள்விளக்குகளின் ஒளியும் சமமாகும் ஒரு சிறு இடைவெளியில் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். சூரியன் மறைந்து, தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையிலான நேரம் நிலநடுக்கோட்டருகே இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். 50 பாகை அட்சரேகையில் அரைமணிக்கு மேல் நீளும். நல்ல சமநிலை அதன் பிற்பகுதியில் வரும். ஆகவே சூரியன் மறைவதற்கு முன்பே இடத்தைத் தேர்ந்து முக்காலியை நாட்டி, குவியத்தைச் சரிசெய்து பூட்டிவிட்டு, அதன் பின் எதையும் அசைக்காமல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நிமிடம் சிறந்தது என்பதை வீட்டில் முடிவு செய்யலாம்; கேமரா அசையாததால், பகல் ஒளியில் சுவர் தெளிவாகத் தெரியும் படத்தையும் விளக்கு ஒளிரும் படத்தையும் இணைக்கவும் முடியும். பியர் கோனிக் லாஸ் ஏஞ்சலஸ் மலைமீது கட்டிய ஸ்டால் இல்லத்தை 1960-இல் எடுத்த ஜூலியஸ் ஷுல்மன், கீழே விரியும் நகர விளக்குகளுக்காக ஷட்டரைப் பல நிமிடம் திறந்து வைத்து, உள்ளே அமர்ந்திருந்த பெண்களுக்காக இறுதியில் ஃபிளாஷை இயக்கினார். இரு வேறு ஒளிகளை ஒரே படத்தில் சேர்க்கும் எண்ணம் ஃபிலிம் காலத்திலேயே இருந்ததுதான்.

விளக்குகள் எரியுமா என்பது நாட்காட்டியைப் பொறுத்தது. அலுவலகக் கட்டடத்துக்கு விடுமுறை நாளில் சென்றால் சன்னல்கள் இருண்டிருக்கும். பகல் குறுகிய மாதங்களில் அந்தி வேலைநேரத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், வேலைநாளில் சென்றால் எல்லா மாடிகளும் ஒளிர்வதைக் காணலாம். திரைச்சீலைகள் தாறுமாறாக இறங்கியிருந்தால் முகப்பின் ஒழுங்கு கெடும். நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தை 1958-இல் நிறைவுசெய்த மீஸ் வான் டெர் ரோ இதை முன்கூட்டியே எண்ணி, முழுக்கத் திறந்தது, பாதி இறங்கியது, முழுக்க மூடியது என்ற மூன்று நிலைகளில் மட்டுமே சன்னல் மறைப்புகள் நிற்குமாறு செய்திருந்தார். பிற கட்டடங்களில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. எந்தக் கிழமையில் எந்த மாடிகள் ஒளிர்கின்றன என்று குறித்து வைத்துக்கொள்வதே வழி.

அனுமதியும் சட்டமும்

பொதுவழியில் நின்று கட்டடத்தை எடுப்பதற்குச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டடக்கலைப் படைப்பை ஒளிப்படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஜெர்மனியிலும் பொது இடத்திலிருந்து தெரியும் வெளித்தோற்றத்தை எடுக்கலாம். பிரான்சில் 2016-இல் வந்த சட்டம், தனிநபர்கள் வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவதை மட்டுமே அனுமதிக்கிறது. பதிப்புரிமை ஒருபுறமிருக்க, கட்டட வளாகத்துக்குள் நுழைந்தால் உரிமையாளரின் விதி பொருந்தும். முக்காலியைக் கண்டதும் காவலர் தடுப்பது எங்கும் நடப்பதே. அவரோடு வாதிடுவதைவிட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது பலன் தரும். திரும்பத் திரும்ப வருபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: முந்தைய வருகையின் படங்களை இணைத்து அனுப்பினால், நோக்கம் என்ன என்பதை விளக்க வேண்டியிராது. பாதுகாப்பு காரணமாகப் படம் எடுக்கத் தடை செய்யப்பட்ட கட்டடங்களை விட்டு விலகி நிற்பது நல்லது.

வீடு திரும்பிய பின்

மென்பொருளில் முதலில் செய்ய வேண்டியது, லென்ஸ் நேர்க்கோடுகளில் உண்டாக்கும் வளைவைத் திருத்துவது. அதன் பிறகுதான் செங்குத்துக் கோடுகளை நேராக்க வேண்டும், வரிசை மாறினால் கோடுகள் சரியாக அமையாது. மிக அருகிலிருந்து எடுத்த உயரமான கட்டடத்தை முழுக்க நிமிர்த்தினால் தலைப்பகுதி பருத்ததுபோல் தோன்றும் என்பதால், மிகச் சிறிய சாய்வை விட்டுவைக்கிறேன். கண் அதைத்தான் இயல்பாக ஏற்கிறது. அந்திப் படங்களில் வானத்தின் நீலத்தையும் உள்விளக்குகளின் மஞ்சளையும் ஒரே வெண்சமநிலையால் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) அடக்க முடியாது. இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவர முயன்றால் அந்தியே காணாமல் போகும். விளக்குகளின் மஞ்சளைச் சற்றுக் குறைத்தால் போதும்.

பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, புறப்படுமுன் எழுதிய குறை நீங்கியதா என்று சரிபார்க்க வேண்டும். நீங்கியிருந்தால் பட்டியலில் அடுத்த குறைக்குச் செல்லலாம். நீங்கவில்லை என்றால், காரணம் ஒளியா, இடமா, லென்ஸா என்று பிரித்தறிந்து எழுத வேண்டும். ஒளிப்படக் கலைஞர் லூசியன் எர்வே 1949-இல் மார்செய் நகரில் எழுந்துகொண்டிருந்த லெ கொர்பூசியேயின் குடியிருப்புக் கட்டடத்தை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார் என்பதை எல்லோரும் வியந்து சொல்வார்கள். அதற்குப் பிறகு 1965-இல் கொர்பூசியே இறக்கும் வரை அவருடைய கட்டடங்களையே, சண்டிகர் உட்பட, தொடர்ந்து எடுத்துவந்தார் என்பது நம் நோக்கத்துக்கு அதிகம் பயன்படும் செய்தி.

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கோப்புறை வைத்து, அதன் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை இட்டால் அவை தாமாகவே காலவரிசையில் நிற்கும். அதற்குள் ஒரு சிறு உரைக்கோப்பில் நின்ற இடம், முக்காலியின் உயரம், குவியத் தூரம், வானத்தின் நிலை, எரிந்த விளக்குகள், மறைத்த பொருள்கள் ஆகியவற்றையும், இதே வெயில் மறுபடி வரும் தேதியையும் எழுதிவைக்க வேண்டும். சாரம் கட்டியிருந்தால் அது எப்போது அகற்றப்படும் என்று அங்கேயே விசாரித்து அதையும் அதில் சேர்த்துவிடலாம்.